இருபத்தோராவது படி

நெரிசா பனேஸ் ஒரு நாற்காலியில் முழுதாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்து நான் பார்த்தது, இலோய்லோ நகரத்துக் கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டு வருஷத்தில் மொத்தமே நாலைந்து தடவைதான் இருக்கும். வரைபலகைக்கு முன்னால் நின்றபடியேதான் வரைவாள். பாதிக் கோட்டில் பேனாவை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டால், "இதோ, சந்தை வரைக்கும்" என்பாள். எதையும் வாங்கி வர மாட்டாள். போய் நின்று பார்த்துவிட்டு வருவாள், அவ்வளவுதான். வந்ததும் வரைந்ததில் பாதியைச் சுரண்டி எடுத்துவிடுவாள்.

எனக்கு அவள்மேல் பாசமும் எரிச்சலும் சரிபாதி. உண்மையைச் சொன்னால் எரிச்சல் ஒரு பிடி கூடுதல்.

அவள் கடலுக்கு அந்தப் பக்கம் கிமாராஸ் தீவுக்காரி. அப்பா மோட்டார் படகு ஓட்டுகிறவர். கட்டடக் கலைப் படிப்பில் பேருக்கு எனக்கு ஒரு வருஷம் சீனியர். ஆனால் நாலாம் வருஷ டிசைன் பாடத்தில் இரண்டு முறை தோற்றதால் என் வகுப்பில் வந்து விழுந்தாள். மூன்றாம் வருஷம் வரைக்கும் வீடு, கடை என்று சின்னச் சின்னதாக வரைந்துகொண்டிருந்தோம். நாலாம் வருஷத்தில் பொதுக் கட்டடங்கள். நூலகம், சந்தை, ஆஸ்பத்திரி. அந்தப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் துறையை விட்டே போய்விட வேண்டும் என்பது விதி. போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

முதல் முறை நூலகத்தில் தோற்றாள். நூலகத்துக்கு முக்கால்வாசிப் பேர் மின்விசிறிக்கு அடியில் தூங்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு வாரம் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். தூங்குகிறவர்களுக்கு ஒரு பக்கம், படிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கப் போய், எந்தப் பக்கம் எது என்று கடைசி நாள் வரை மாற்றிக்கொண்டே இருந்தாள். புத்தக அலமாரி வரைய நேரம் இல்லாமல் போயிற்று.

இரண்டாம் முறை சந்தை. காற்று திசை மாறினால் மீன் நாற்றம் துணிக்கடைக்குப் போகிறது என்று மீன் பகுதியை எட்டு தடவை இடம் மாற்றினாள். ஒன்பதாவது தடவை சுரண்டி எடுத்தவள், திரும்ப வரைவதற்குள் மணி ஐந்து அடித்துவிட்டது. மார்க் போடும் ஜூரியில் உட்கார்ந்திருந்த ஆர்கிடெக்ட் டிவினாகிராசியா தாளைக் கையில் எடுத்து ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பெயருக்குத் தெய்வ கிருபை என்று பொருள். பெயரில் இருந்ததோடு சரி.

"மிஸ் பனேஸ், இந்த ஊர்ல மீன் திங்கறதை விட்டுட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப மீன்காரங்க எல்லாம் எங்க போனாங்க? கடலுக்கே திரும்பிப் போயிட்டாங்களா?"

வகுப்பே சிரித்தது. ஜூரியை வேடிக்கை பார்க்கப் போயிருந்த நானும் சிரித்தேன். சிரிக்காதது அவள் ஒருத்திதான். அவள் அந்த நேரத்திலும் அந்தத் தாளைப் பார்த்து, மீனை வடகிழக்கில் வைத்திருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

அப்போதெல்லாம் எங்கள் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை. டிரேசிங் தாளில் மைப் பேனாவால் வரைய வேண்டும். தப்பு வந்தால் சவர பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிந்துவிடும். நெரிசாவின் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை மாதிரி இருக்கும். என் தாளில் ஒரு சுரண்டல் இருக்காது. யோசித்து முடித்த பிறகுதான் மையைத் தொடுவேன், தொட்டால் மாற்ற மாட்டேன். எண்பத்தைந்துக்குக் கீழே நான் மார்க் வாங்கியதில்லை. அதில் எனக்கு நிறையவே கர்வம் இருந்தது.

மூன்றாவது முறைக்கு வந்தது ஆஸ்பத்திரி. ஐம்பது கட்டில், இரண்டு தளம். தெற்கே ஒரு கடலோர ஊரில் இருந்த மாவட்ட ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். நாங்கள் இருபத்தெட்டு பேரும் ஜீப்னி வண்டியில் போனோம், நாடாவைப் பிடித்து அளந்தோம், கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிட்டோம், திரும்பி வந்தோம். நெரிசா மட்டும் அதற்குப் பிறகு பத்து தடவை போனாள். ஒரு நாள் அங்கிருந்து வந்தவள் குடையைக்கூட மடக்காமல் அறைக்கு நடுவில் நின்று நடித்துக் காட்டினாள்.

பெண்கள் வார்டில் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஒரு அம்மாள் படுத்திருந்தாளாம். நாற்பது வயசிருக்கும், பாசிங் என்று பெயர். மேலே கட்டிலில் அவளுடைய தங்கை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளி தனியாகப் படுத்துக்கொள்வதில்லை. சோறு பொங்க, விசிற, மருந்து வாங்க ஓட, கூடவே ஒரு சொந்தக்காரர் இருந்தாக வேண்டும். பந்தாய் என்போம்.

"என்ன தங்கச்சி, தரையை அளக்கறே?" என்றாளாம் பாசிங், படுத்தபடியே.

"புது ஆஸ்பத்திரி வரையறேன் அக்கா. காலேஜுக்கு."

"எத்தனை கட்டில் போட்டிருக்கே?"

"ஐம்பது."

"மேல ஐம்பது பேரு. சரி. கீழ நாங்க ஐம்பது பேரு இருக்கோமே, எங்களை எங்க போட்டே?"

நெரிசா நாடாவைச் சுருட்டத் தொடங்கினாளாம். பாசிங் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, "பரவால்ல விடு. பெரிய படிப்புப் படிச்சவங்களே எங்களைப் பார்க்கல. நீ இப்பத்தானே படிக்கறே" என்றாளாம்.

அன்றைக்குப் பிடித்தது பேய். அது வரைக்கும் வரைந்த எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகைப் படுக்கை. வார்டு முடிகிற இடத்தில் அடுப்பு மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, கடல்காற்று பார்த்துத் துணி உலர்த்தும் கொடி. இதற்கெல்லாம் இடம் வேண்டுமே, அதைத் தலைமை டாக்டரின் அறையிலிருந்து பிடுங்கினாள்.

"அவரு எங்கடீ உட்காருவாரு?" என்று கேட்டேன்.

"பதினோரு தடவை போயிருக்கேன். அவரு உட்கார்ந்து நான் பார்த்ததில்ல."

"உன்னை மாதிரிதான்னு சொல்லு."

"அதான் எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

அந்த டிசைன் நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாள்களைக் கொடுக்க வேண்டும். என்னுடையது வியாழக்கிழமையே முடிந்து சுருட்டி மூலையில் நின்றது. அவளுக்குக் காலையில் இன்னும் இரண்டு தாள் பாக்கி: முன்பக்கத் தோற்றம் ஒன்று, கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் வெட்டுப்படம் ஒன்று. அந்த வெட்டுப்படத்தில்தான் மாடிப்படி வரும்.

"வெட்டுப்படத்தை நான் போடறேன், கொடு" என்றேன்.

"வேணாம் மரிபெல். தெரிஞ்சா உனக்கும் வினை."

அவள் சொன்னதும் சரிதான். ஒருவர் தாளில் இன்னொருவர் கை வைத்தால் இருவருக்கும் பூஜ்யம் என்று அந்த வருஷம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆனாலும் எல்லோரும் எல்லோருக்கும் செய்துகொண்டுதான் இருந்தோம். "யாருக்குத் தெரியப்போகுது? கோடு கொஞ்சம் நேரா இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன்.

முதலில் இருபது படி என்று சொல்லிவிட்டு, முன்பக்கத் தோற்றத்தை வரைய அடுத்த அறைக்குப் போனாள். பத்து மணிக்கு உள்ளே ஓடி வந்து, "கீழ் வார்டுக்குக் காத்து பத்தாது. மேல் தளத்தை ஒரு படி அளவு உசத்தறேன். இருபத்தொண்ணு போட்டுக்க" என்றாள். சரி என்று மையைத் தொட்டேன். பன்னிரண்டு மணிக்குப் படியையும் மாடித் தளத்தையும் முடித்து நிமிர்ந்தால், வாசலில் அவள் மூச்சிரைக்க நிற்கிறாள். விடுதி மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இருபத்தொண்ணு சாவுடீ."

எங்கள் ஊரில் படி ஏறும்போது தங்கம், வெள்ளி, சாவு, தங்கம், வெள்ளி, சாவு என்று எண்ணுவார்கள். கடைசிப் படி சாவில் முடியக் கூடாது. கொத்தனார் முதல் பாதிரியார் வரை பார்ப்பார்கள். என் அப்பா ஒருவர்தான் இதைக் கேட்டால் சிரிப்பார்; நான் அப்பா பிள்ளை.

"பைத்தியமே, யாரு நின்னு எண்ணப் போறாங்க?"

"பாசிங் எண்ணுவா. நோயாளியைத் தூக்கிட்டு மேல ஏறறவ எண்ணாம ஏறுவாளா? கடைசிப் படில சாவுன்னு வந்தா அவ மனசு என்ன பாடுபடும்? இருபதுக்கே போயிடலாம். காத்துக்கு ஜன்னலைப் பெரிசாக்கிக்கறேன். இருபது, என்ன?"

எனக்கு வந்ததே கோபம். இரண்டு மணி நேர வேலை. அத்தனையையும் பிளேடால் சுரண்ட வேண்டும், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அதுவும் இவளுக்காக. சரி என்று தலையை ஆட்டினேன். அவள் போனதும் ஓரத்தில் எழுதியிருந்த உயரத்தின் எண்ணை மட்டும் சுரண்டி, இருபது படிக்கான எண்ணை எழுதினேன். படத்தில் படிகளை அப்படியே விட்டேன். மூன்று மணிக்கு அடுத்த அறையிலிருந்து, "இருபதுதானே?" என்று கத்தினாள். "ம்" என்றேன்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மை காயாத தாள்களைச் சுருட்டிக்கொண்டு அவள் ஓடினாள். அவள் சரிபார்க்கவில்லை. நான் போட்டதை யார் சரிபார்ப்பார்கள்?

திங்கட்கிழமை ஜூரி. நெரிசா பத்தாவதாகப் போனாள். முன்பக்கத் தோற்றத்தில் ஒரு பக்கம் முடியாமல் இருந்தது, அதற்கு முதலிலேயே மார்க் போய்விட்டது. ஆனால் கட்டில் பலகையையும் அடுப்பு மேடையையும் அவள் விளக்க ஆரம்பித்தபோது மூன்று ஜூரிகளும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். டிவினாகிராசியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கம்மாவுக்கு நான் ரெண்டு மாசம் பந்தாயா இருந்தேன்" என்றார். "தரையில படுத்து இடுப்பு போச்சு. அப்புறம் முப்பது வருஷமா ஆஸ்பத்திரி வரையறேன். எனக்கு இது தோணலையே."

நெரிசா தரையில் கால் பாவாமல் நின்றாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். 

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டுப்படத்துக்குப் போனார். பென்சில் நுனியைப் படியில் வைத்தார். அது அவர் பழக்கம், யார் வரைந்த படியையும் எண்ணாமல் விட மாட்டார். அதற்காக அவரைக் கேலி செய்து நானே நடித்துக் காட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோபத்தில் அது மறந்துபோயிற்று என்றுதான் இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தங்கம், வெள்ளி, சாவு. உதடு அசைவது தெரிந்தது. மேலே போய் பென்சில் நின்றது. கீழே வந்து மறுபடி எண்ணினார்.

"பிளான்ல இருபது. இங்க இருபத்தொண்ணு. உயரம் இருபது படிக்கு எழுதியிருக்கே. இதுல எதும்மா உன் கட்டடம்?"

நெரிசா அருகில் போய்ப் பார்த்தாள். விரலால் எண்ணினாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சாவுல முடியறதை விடு, அது மூடநம்பிக்கைன்னே வெச்சுக்கலாம்" என்றார். "ரெண்டு தாள் ரெண்டு கட்டடத்தைச் சொல்லுது. இதைக் கொத்தனார் கையில கொடுத்தா மேல் வார்டு தளத்துல ஒரு படி இடிக்கும். கட்டில்ல ஆளை வெச்சுத் தூக்கிட்டுப் போறவன் தடுக்கி விழுவான்." தாளுக்கு இன்னும் கிட்டே குனிந்தார். "கோடு வேற மாதிரி இருக்கே. இந்தத் தாளைப் போட்டது யாரு?"

அறையில் இருபத்தெட்டு பேர் இருந்தோம். நான் எழுந்து நின்றிருந்தால் இருவருக்கும் பூஜ்யம். அவள் எப்படியும் போயிருப்பாள், கூட நானும் போயிருப்பேன். இந்தக் கணக்கை அந்த ஒரு நொடியில் நான் போட்டு முடித்தேன். நான் எதையும் வேகமாக முடிக்கிறவள்.

"நான்தான் சார்" என்றாள் நெரிசா. திரும்பிப் பார்க்கவில்லை.

எழுபத்து மூன்று கொடுத்தார்கள். தேறுவதற்கு எழுபத்தைந்து வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவள் அழவில்லை, நடந்தாள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"காலையிலேர்ந்து மாத்தி மாத்திச் சொல்லிட்டிருந்தேன். கடைசியா உன்கிட்ட எதைச் சொன்னேன் மரிபெல்? எனக்கே குழம்புது. இருபதுன்னு சொன்னேனா, இருபத்தொண்ணுன்னு சொன்னேனா?"

"எனக்கும் ஞாபகம் இல்லடீ" என்றேன்.

அடுத்த வாரம் அவள் அப்பா வந்து வரைபலகையைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு எண்பத்தெட்டு. அதற்குப் பிறகு பட்டம், தேர்வு, உரிமம், பெயர்ப்பலகை போட்ட அலுவலகம் எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் எந்தப் படியில் கால் வைத்தாலும் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். அப்பா பிள்ளைக்கு நல்ல கதி. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே ஏறும்போதும் உள்ளே ஒரு வாய் தங்கம், வெள்ளி, சாவு என்று போய்க்கொண்டிருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை படகுத்துறை வரைக்கும் போயிருக்கிறேன். மூன்று தடவையும் எதிர்க்கடையில் ஒரு கிண்ணம் பட்சோய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

எட்டு வருஷம் கழித்து வேலையே என்னைக் கடலைக் கடக்க வைத்தது. கிமாராஸில் ஆறு கிராமங்களுக்குச் சுகாதார நிலையம் கட்டுகிறார்கள். பத்துப் பத்துக் கட்டில். வரைபடங்களில் உரிமம் உள்ள ஆர்கிடெக்ட் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தாளின் கீழ் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில் என். பனேஸ் என்று இருந்தது.

மாகாண என்ஜினீயர் அலுவலகத்தில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், நாற்காலி இழுத்துப் போட்டாள், மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். அரை மணி நேரம் பேசினோம். அந்த அரை மணியில் அவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

ஆறு தாளையும் புரட்டினேன். ஆறும் ஒன்றேதான்.

"மணிலாலேர்ந்து ஒரு பிளான் வருது" என்றாள். "ஊர் பேரை மட்டும் மாத்தி எழுதுவேன். மளமளன்னு முடிஞ்சிடும்."

"பந்தாய்ங்க எங்க படுப்பாங்க?"

"பிளான்ல இல்ல."

"நீ அந்த ஊருங்களுக்குப் போய்ப் பார்க்கலியா?"

"போய்ப் பார்த்தா மாத்தத் தோணும்." மாம்பழத் தோலை ஓரமாக ஒதுக்கினாள். "மாத்தி மாத்தித்தானே அன்னைக்கு என் படியை எனக்கே எண்ணத் தெரியாம நின்னேன். நல்லவேளை காலேஜோட போச்சு. நிஜக் கட்டடமா இருந்தா யாராவது விழுந்திருப்பாங்க. அதோட அந்தப் புத்தியை விட்டுட்டேன்."

சர்க்கரை சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்பதுபோல, வருத்தமே இல்லாமல் சொன்னாள். பட்டத்தைத்தான் அவளிடமிருந்து பறித்தேன் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தாள்களை மேஜையில் வைத்தேன்.

"நெரிசா, நீ இருபதுன்னுதான் சொன்னே."

"எப்ப?"

"அன்னைக்கு மத்தியானம். வாசல்ல நின்னு தெளிவா சொன்னே. மூணு மணிக்கும் கேட்டே. நான்தான் மாத்தல. சுரண்ட அலுப்பா இருந்தது, உன் மேல கோபம் வேற. நம்பரை மட்டும் மாத்தி எழுதிட்டு, யாரு எண்ணப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது. பிறகு அதை மாம்பழத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர் தொலைபேசியில் சிமென்ட் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜூரி முன்னாடி நீ எழுந்திருக்காதது சரிதான்" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "எழுந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். நானே உன்னை எழுந்திருக்க விட்டிருக்க மாட்டேன்."

"நெரிசா..."

"ஆனா வெளிய வந்து உன்கிட்ட கேட்டேன். தாழ்வாரத்துல. அங்க யாருமே இல்ல, நாம ரெண்டு பேர்தான் இருந்தோம். அப்ப சொல்லியிருக்கலாமே மரிபெல். சொல்லியிருந்தா மார்க் மட்டும்தானே போயிருக்கும்."

நான் கையெழுத்துப் போட வேண்டிய ஆறு தாள்களும் மேஜையில் எங்களுக்கு நடுவே கிடந்தன. நான் பேனாவை எடுக்கவில்லை. எடு என்று அவளும் சொல்லவில்லை.